இரண்டு கண்ணாடி, ஒரே வண்டி

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பஸ் டிப்போவில் மேனேஜர் முதல் வண்டி கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் ஹாரன். இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன். முன்னால் வண்டி நின்றால் அடிப்பார், நகர்ந்தால் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறாய் என்று அடிப்பார், ரோடு வெறிச்சோடிக் கிடந்தால் கை சும்மா இருக்கிறதே என்று அடிப்பார். ஒரு தடவை அழுத்தி நிறுத்துகிற பழக்கம் அந்தக் கைக்குக் கிடையாது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்து தட்டு வரக் கொஞ்சம் தாமதமானால், உள்ளங்கை தானாகப் போய் மேஜையின் நடுவில் அழுத்தும். "அழுத்துங்க, நல்லா அழுத்துங்க. அடுப்பு ஒதுங்கி வழி விடும்" என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் இடது முட்டி கைவிரித்துவிட்டது. முட்டிக்கு ஏது கை என்று கேட்கக் கூடாது, கிளட்ச் மிதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல இனிமே தேயறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லை" என்று ஏதோ நல்ல செய்தி மாதிரி சொன்னார்.

வண்டி ஓட்ட முடியாதவருக்கு டிப்போவில் இரண்டு இடம்தான். ஒன்று டைம் ஆபீஸ் நாற்காலி. இன்னொன்று வாசல் கேட். டைம் ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்த அக்கா ஓய்வு பெறுகிற நேரம் என்பதால், மேனேஜர் அவரை அங்கே மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். "உட்காரத் தெரிஞ்சாப் போதாது, பாருங்க. பஸ் நேரம் தப்பாப் போச்சுன்னா ஊரே என்னைத் திட்டும். நான் உங்களைத் திட்ட மாட்டேன். கேட்டுக்கு அனுப்பிடுவேன்."

கேட் என்பது எட்டு மணி நேரம் நின்றபடி பார்க்கிற வேலை. இரண்டு இரும்புக் கதவு, ஒவ்வொன்றும் ஒரு சின்ன யானை கனம். அதைக்கூட முட்டி பொறுத்துக்கொள்ளும். ஆனால் இருபத்தாறு வருஷமாகக் கேட் திறக்க அரை நொடி தாமதமானாலும் ஹாரனை வைத்துக் காதைக் கிழித்தவர் இவர். கேட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் "கேக்குது, கேக்குது" என்று முனகிக்கொண்டே திறப்பார். இவர் அந்த இடத்தில் போய் நின்றால் நூறு டிரைவர்களும் சேர்ந்து வட்டியும் முதலுமாக அடித்துத் தீர்த்துவிடுவார்கள். அதனால் கேட் என்ற பேச்சையே ஹாரன் எடுப்பதில்லை.

கேட்டுக்காரருக்கு அது புரிந்திருந்தது. இவர் கேட்டுக்கு வந்தால் தனக்கு ஸ்டோரில் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும் என்று வேறு அவருக்குக் கணக்கு. தினமும் காலையில் தன் ஸ்டூலைத் தட்டிக் காட்டுவார். மூன்று கால் சரியாகவும் ஒரு கால் குட்டையாகவும் உள்ள ஸ்டூல்.

"ஹாரனு, துடைச்சு வச்சிருக்கேன். எப்ப வர்றே?"

"உன் தலையில வை" என்று சொல்லிவிட்டு இவர் நொண்டிக்கொண்டே உள்ளே போவார்.

அக்கா போகும்போது ஒரு காகிதத்தில் மூன்று கட்டளை எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனாள். ஒன்று: சேவ் பண்ணிக்கொண்டே இருங்கள். இரண்டு: பழைய நேரப் பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்யுங்கள். மூன்று: எனக்கு போன் செய்யாதீர்கள்.

முதலும் மூன்றும் சுலபமாக இருந்தன. இரண்டாவதுதான் உயிரை எடுத்தது. பட்டியல் இருந்தது ஒரு எடிட்டரில். அலங்காரம் எதுவும் இல்லாத, எழுத்தை மட்டும் அடிக்கிற, யாரும் காசு கொடுத்து வாங்காத புரோகிராம். அதில் திரையை இரண்டு ஜன்னலாகப் பிரிக்கலாம். பிரிக்கலாம் என்றால், அது இஷ்டப்பட்டால் பிரிக்கலாம். கிடையாகப் பிரி என்றால் ஒன்றன் தலைமேல் ஒன்று ஏறி உட்காரும். செங்குத்தாகப் பிரி என்றால் பக்கத்தில் பக்கத்தில் படுக்கும். இடது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மூடு என்றால் வலது ஜன்னல் போய்விடும், ஏனென்றால் எழுத்துக் குச்சி அங்கே மினுக்கிக்கொண்டு நின்றிருக்கும். நான்காகப் பிரித்துவிட்டு ஒன்றை மூடினால் மிச்சம் மூன்றும் தங்களுக்குள் இடத்தைப் பங்குபோட்டு, சின்னது பெரிதாகி, பெரியது குச்சியாகி, பாகப் பிரிவினை முடிந்த வீடு மாதிரி யார் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போகும். மூலையில் உள்ள பெருக்கல் குறியைத் தொட்டாலோ மொத்தக் கடையையும் சாத்திவிடும். தப்பான கட்டையைத் தட்டினால் 'கீங்' என்று கத்தும். ஊரையே ஹாரன் அடித்து விரட்டிய மனுஷன் முதல் முறையாகத் தன்னைப் பார்த்து ஒன்று ஹாரன் அடிப்பதைக் கேட்டார்.

வீட்டில் போய்ப் புலம்பினார். "மூட முடியலைடி. எதை மூடினாலும் வேற எதுவோ மூடுது."

தையல் மிஷினில் இருந்து தலை தூக்காமல் மனைவி சொன்னாள். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீங்க திறந்த அலமாரியை நீங்க மூடி நான் பார்த்ததில்லை. டப்பா மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். இப்ப ஆபீஸ்ல போய் மூட வரலைன்னா, எப்படி வரும், பழக்கம் வேணும்ல?"

மூன்றாவது மாதக் கடைசியில் புது நேரப் பட்டியல் தாளில் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு நடை. ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிஷம் முன்னே, பத்து நிமிஷம் பின்னே என்று மாற்றம். அச்சுக்கு எடுத்துப் போகிற ஆள் நாலு மணிக்கு வருவார். மேனேஜர் கதவில் சாய்ந்து நின்று சொன்னார்.

"பழைய நேரம் ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாது. இன்னைக்கு இது ஒழுங்காப் போச்சுன்னா நாற்காலி உங்களுக்கு. இல்லைன்னா நாளைக்குக் காலைல கேட்."

ஹாரன் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தார். பழைய பட்டியலைத் திறந்தார். அக்கா தயாராக வைத்துவிட்டுப் போயிருந்த புதுப் பட்டியலின் ஃபைலையும் திறந்தார். அது பழையதை அப்படியே நகல் எடுத்தது, இனிமேல்தான் நேரத்தை மாற்ற வேண்டும். புதியது முன்னால் வந்து நின்றது, பழையது அதன் பின்னால் போய் மறைந்தது. செங்குத்தாகப் பிரித்தார். இரண்டு ஜன்னலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. இரண்டிலும் அதே தடம், அதே நடை, அதே நேரம். நகல்தானே, அப்படித்தான் இருக்கும். பின்னால் நின்ற பழசு இடது பக்கம் வந்துவிட்டது, புதுசு வலது பக்கம் என்று மனசில் எழுதிக்கொண்டார். "அப்பாடா, இன்னைக்கு சொன்ன பேச்சு கேக்குது" என்று மானிட்டரின் தலையில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

வலது ஜன்னலில் ஒற்றை விரலால் ஒவ்வொரு நேரமாக மாற்றினார். அடித்தார், சேவ் செய்தார். அடித்தார், சேவ் செய்தார். முட்டி கனத்தது, கண் எரிந்தது, மேலே ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒரு மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டாவது நடை முடிந்தது. வலது ஜன்னல் பட்டியலின் அடிமட்டத்தில் வந்து நின்றது. போய்ச் சாப்பிட்டுவிட்டு, பல் குத்திக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

இங்கேதான் அவர் அந்த டிப்போக்காரராக இருந்தது வினையாகப் போயிற்று.

டைம் ஆபீஸ் வெளிச்சுவரில் ஒரு ஆணிப் பலகை உண்டு. ஒரு நடைக்கு ஓர் ஆணி, ஓர் ஆணிக்கு ஒரு தகரச் சீட்டு. புது நேரம் வருகிற அன்று அங்கே ஒரு முறை இருக்கிறது. பழைய சீட்டுகளை மேலே இருந்து ஒவ்வொன்றாக, நடையைச் சத்தமாகச் சொல்லிக் கழற்றி வாளியில் போட வேண்டும். பலகை மொட்டையான பிறகுதான் புதுச் சீட்டு ஏறும். ஒரு வருஷம் இரண்டும் கலந்து தொங்கி, ஒரே ஆறு மணி வண்டிக்கு இரண்டு டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருண்டதில் வந்த முறை. இருபத்தாறு வருஷமாகக் கண்ணில் பார்த்த வேலை. பழசு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று மேனேஜரும் சொல்லிவிட்டார். ஆகவே ஹாரன் இடது ஜன்னலுக்குப் போனார், மேலே இருந்து தொடங்கினார்.

"ஒண்ணாம் நம்பர், காலை நாலு நாற்பது." ஒரு வரி அழிந்தது. சேவ். "ரெண்டாம் நம்பர், நாலு அம்பத்தஞ்சு." அழிந்தது. சேவ்.

மொத்தமாக அழிக்க வழி உண்டு என்று அக்கா சொன்னதாக ஞாபகம். ஆனால் ஆணிப் பலகையை யாரும் சுவரோடு பெயர்ப்பதில்லையே. சீட்டு சீட்டாகத்தான் கழற்ற வேண்டும். குரல் ஏறி இறங்கி, நல்ல லயத்தில் போய்க்கொண்டிருந்தது வேலை. நேரங்கள் எல்லாம் காலையில் தான் அடித்த நேரங்களாகவே இருக்கின்றனவே என்று ஒரு தடவைகூட அவருக்கு உறைக்கவில்லை. சீட்டுக் கழற்றுகிறவன் நடையின் நம்பரைத்தான் பார்ப்பான், நேரத்தை எவன் பார்த்தான்.

வலது ஜன்னல் தன் பாட்டுக்கு அடிமட்டத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. கடைசி இருபது வரிகளை இடது பக்கம் எட்டியபோதுதான் அசைந்தது. இடதில் ஒன்று போனது, வலதிலும் ஒன்று போனது. ஹாரன் கண்ணைக் கசக்கினார். இன்னொன்று அழித்தார். வலதிலும் இன்னொன்று. டாக்டர் முட்டியை மட்டும் பார்த்தாரே, கண்ணைப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு, கை ஒரு தடவையோடு நிற்காத கை ஆயிற்றே, மிச்சத்தையும் அழித்துச் சேவ் செய்துவிட்டார்.

இடது ஜன்னல் மொட்டை. வலது ஜன்னலும் மொட்டை.

மணி இரண்டரை. ஆறு மணி நேர உழைப்பு வெள்ளை வெளேர் என்று பல்லைக் காட்டியது. முதலில் தோன்றியது, மூடிவிடலாம் என்பதுதான். மூடிவிட்டு, கரன்ட் போனது, எல்லாம் போய்விட்டது என்று மேனேஜரிடம் சொல்லிவிடலாம். மூடு என்றார். இடது ஜன்னல் போயிற்று. வலது ஜன்னல் அகன்று, திரை முழுக்கப் படுத்துக்கொண்டு, அதே வெள்ளையைக் காட்டியது.

"சனியனே, மூடித் தொலையேன்!"

இன்னொரு தடவை அமுக்க விரல் போனது. ஆனால் மூன்று மாதமாக மூடு என்றாலே வேறு எதையாவது மூடித் தொலைக்கிற சாமான் இது. உள்ளே கிடக்கிற மற்ற ஃபைலும் போய்விட்டால்? விரலை இழுத்துக்கொண்டு சிஸ்டம்காரருக்கு போன் போட்டார். ஆறு டிப்போவுக்கு ஒரே சிஸ்டம்காரர், எப்போதும் ஸ்கூட்டரில் எங்கேயாவது போய்க்கொண்டிருப்பவர்.

"சொல்லுங்கண்ணே" என்றது காற்றுச் சத்தத்தோடு குரல்.

"இந்தக் கருமத்தை முழுசா எப்படி மூடுறது?"

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை. கரன்ட் போகப்போகுது, அதான்."

"போகப்போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இருபத்தாறு வருஷம் செக்கர்களிடம் கூசாமல் பொய் சொன்ன வாய் அன்றைக்கு உண்மைக்கு வந்துவிட்டது. நடந்ததைக் கொட்டினார். இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு, பழசை அழித்தேன், புதுசும் போயிற்று.

ஸ்கூட்டர் ஓரமாக நிற்கிற சத்தம் கேட்டது. "அண்ணே, அங்க பழசே இல்லை. முன்னாடி நின்னதைத்தான் அது ரெண்டாப் பிரிச்சுக் காட்டியிருக்கு. ரெண்டு ஜன்னல்லயும் ஒரே ஃபைலு. நீங்க மேல ஒரு இடத்தைப் பார்த்தீங்க, கீழ ஒரு இடத்தைப் பார்த்தீங்க."

ஹாரன் கேட்டார். "பஸ்ஸுல இடது கண்ணாடி, வலது கண்ணாடி மாதிரியா? ரெண்டுலயும் தெரியறது ஒரே வண்டியோட பின்பக்கம்."

"அதே, அண்ணே."

"அடப் பாவிகளா, இதை முதல் நாளே இப்படிச் சொல்லித் தொலைச்சா என்ன? ஜன்னல், ஜன்னல்னு சொன்னீங்க. ஜன்னல்னா ஒவ்வொண்ணுலயும் வேற வேற ஆளு உக்காந்திருப்பான்னுதானே நினைப்பேன்!"

"பழைய ஃபைல் பத்திரமா இருக்கு, கவலைப்படாதீங்க."

"பழசை வச்சுக்கிட்டு நான் நாக்கு வழிக்கவா? எது ஒழியணுமோ அது பத்திரம். எது வேணுமோ அது காலி."

"இருங்க, இருங்க. மூடுறேன்னு சொன்னீங்களே, மூடிட்டீங்களா?"

"ஒண்ணு போச்சு. இன்னொண்ணு போகமாட்டேங்குது."

"போகலையா? ஐயோ அண்ணே, உங்க காலைத் தொட்டுக் கும்பிடுறேன், கையை எடுத்து மடியில வைங்க. ஒரு ஜன்னல் திறந்திருந்தாப் போதும், செஞ்சது அத்தனையும் அதுக்கு ஞாபகம் இருக்கும். சேவ் பண்ணியிருந்தாலும் இருக்கும். அதையும் மூடியிருந்தா மறந்திருக்கும். இப்ப கன்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு இசட். ஒரு அமுக்குக்கு ஒரு வரி திரும்பி வரும். நீங்க முதல்ல அழிச்சது கடைசியா வரும். எது அது?"

"ஒண்ணாம் நம்பர், நாலு நாற்பது."

"அது வந்ததும் நிறுத்துங்க. அதுக்கு மேல ஒரு அமுக்கு அமுக்கினாலும் காலைல அடிச்ச நேரமெல்லாம் கடைசியில இருந்து கழண்டு பழசா மாற ஆரம்பிச்சிடும். தெரியாம மாறும். எத்தனை மாறிச்சுன்னு உங்களுக்கே கண்டுபிடிக்க வராது."

போன் வைத்த பிறகு ஹாரன் தன் வலது கையைப் பார்த்தார். தாமதித்த ரயில்வே கேட்டுக்கு அழுத்திய கை, சாவு ஊர்வலத்துக்குக்கூட மறந்து அழுத்திவிட்டு மன்னிப்புக் கேட்ட கை. ஒரு தடவை அழுத்தி நிறுத்து என்று அதனிடம் யார் போய்ச் சொல்வது?

அந்த நேரம் பார்த்துக் கேட்டுக்காரர் தண்ணீர் பிடிக்க உள்ளே வந்தார். பானைக்குப் பக்கத்தில் நின்று வெள்ளைத் திரையையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, ஸ்டூலை வெளியில எடுத்துப் போடவா?"

"வாயை மூடு. இங்க வா. என் பக்கத்துல நில்லு. நாலு நாற்பது வந்ததும் என் மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்து."

"நான் நிறுத்தலைன்னா?"

"நாளைக்குக் காலைல உன் கேட்டுல நான் நிக்கணும். உனக்கு ஸ்டோர்ல ஃபேன்."

கேட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். உதவத்தான் வந்தாரா, வேடிக்கை பார்க்க வந்தாரா, முகத்தில் தெரியவில்லை.

ஹாரன் அமுக்கினார். கடைசி நடை அடியில் வந்து உட்கார்ந்தது. அமுக்கினார். அதற்கு மேலே இன்னொன்று. இராத்திரி வண்டிகள், சாயங்கால வண்டிகள், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து வண்டிகள் என்று பின்னால் இருந்து முன்னால் எல்லாம் ஷெட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தன. இவர் சத்தமாகச் சொன்னார். கேட்டுக்காரரும் கூடவே சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு நடைக்கும் கேட் திறந்தவர் அவர், பட்டியல் மனப்பாடம். "எம்பத்தேழு, பதினொண்ணு இருபது." "டேய், அது இருபத்தஞ்சு. புது நேரம்." "ஓ, புதுசா? போ, போ." நடுவில் ஒரு தடவை ஹாரன் தும்மினார், இரண்டு வரி சேர்ந்து வந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். போகப் போக விரல் சூடேறி வேகம் பிடித்தது. காலி ரோட்டில் அடிக்கிற ஹாரன் மாதிரி தட்டித் தட்டிப் போயிற்று. ஆறு மணி வண்டி. ஐந்தரை. ஐந்து பத்து. நாலு அம்பத்தைந்து.

"ஒண்ணாம் நம்பர், நாலு நா..."

விரல் மறுபடி இறங்கியது. கட்டைக்கு நூலிழை மேலே கேட்டுக்காரரின் கை வந்து மணிக்கட்டைக் கவ்வியது. சின்ன யானைகளை இழுத்துச் சாத்துகிற கை. எலும்பு நொறுங்குகிற மாதிரி இருந்தது.

"கேக்குது, கேக்குது" என்றார் கேட்டுக்காரர். "நிறுத்துடா."

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு வரியும் இருந்தன, காலையில் அடித்த நேரத்தோடு. மூன்றேகால் மணி.

மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே ஹாரன் கேட்டார். "ஏன் பிடிச்சே? விட்டிருந்தா உனக்கு ஃபேன்."

கேட்டுக்காரர் டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்து முடித்தார். "நேரம் தப்பாப் போச்சுன்னா அறுபது வண்டிக்காரன் ஒண்ணா வந்து என் கேட்டுல நின்னு அடிப்பான். நீ ஒருத்தன் அடிச்சதே இன்னும் காதுல இருக்கு."

நாலு மணிக்கு ஆள் வந்தார், பட்டியலை வாங்கிக்கொண்டு போனார். மேனேஜர் நின்றபடியே முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தார், நடுவில் இரண்டு நடையைத் தன் தாளோடு ஒத்துப் பார்த்தார். "பழசு எதுவும் இல்லையே?"

"அது பத்திரமா இருக்கு சார், தனியா" என்றார் ஹாரன். மேனேஜருக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் நாற்காலி ஹாரன் பேரில் எழுதப்பட்டது.

அன்றைக்கு சாயங்காலம் நடந்ததை மனைவியிடம் சொன்னார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "ஆக, மூடாம விட்டதாலதான் பிழைச்சீங்க" என்றாள். ஆமாம் என்றார். அலமாரி திறந்தே கிடந்தது. அவளே எழுந்து போய் மூடினாள்.

அதற்குப் பிறகு ஹாரன் அந்த எடிட்டரில் எதையும் மூடுவதில்லை. வேண்டியபோது பிரிப்பார், அதோடு சரி. இப்போது அவர் திரையில் பதினான்கு ஜன்னல், ஒவ்வொன்றும் ரிப்பன் அகலம். நடுவில் உள்ள ஒன்றில் மட்டும் வேலை நடக்கிறது. சிஸ்டம்காரர் வரும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார். மேனேஜர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, துணி காயப்போட்ட மாதிரி?" என்றார். "கண்ணாடி சார். எத்தனை இருந்தாலும் வண்டி ஒண்ணுதான்" என்று இவர் சொல்லிவிட்டார்.

மூன்றரைக் கால் ஸ்டூல் இப்போது டைம் ஆபீஸில் இருக்கிறது. கேட்டுக்காரரே தூக்கி வந்து, "துடைச்சு வச்சதை வீணாக்க வேண்டாம்" என்று மேஜைக்கு அடியில் போட்டார். ஹாரன் இடது காலை அதன்மேல் நீட்டி வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார். தப்பான கட்டை பட்டு அது 'கீங்' என்று கத்தும்போது, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறார்:

"கேக்குது, கேக்குது."